இட்லி மாவு புளிக்காமை

இட்லி மாவு புளிக்காமை என்பது, அரைத்துக் கரைத்து வைத்த அரிசி உளுந்து மாவு வழக்கமான நேரத்திற்குள் பொங்காமலோ புளிக்காமலோ நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். நொதித்தல் மூலம் ஆக்கப்படும் எல்லா உணவுகளிலும் பானங்களிலும் இத்தகைய தடங்கல் உண்டு. வீட்டில் பியர் தயாரிப்போர் நின்றுபோன நொதித்தல் என்று குறிப்பிடுவதும் இதனை ஒத்ததே. சென்னையில் இச்சிக்கல் மார்கழி, தை மாதங்களிலும், இரவு முழுவதும் குளிரூட்டி இயங்கும் வீடுகளிலும் மிகுதியாகக் காணப்படுகிறது.

பெரும்பாலும் இவ்வாறு நின்ற மாவு கெட்டுப்போனதாக இராது. அதன் வேகம் குறைந்திருக்கும், அவ்வளவே. ஆயினும் வேகம் குறைந்த மாவையும் கெட்டுப்போன மாவையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. முன்னதைத் தவறாகக் கொட்டிவிட்டால் இழப்பு ஒரு கிலோ அரிசியோடும் கால் கிலோ உளுந்தோடும் முடியும். பின்னதை ஆப்பச் சோடாவால் பொங்கவைத்து உண்டால் இழப்பு உடல்நலத்திற்கு.

பொங்குதலும் புளித்தலும்

சமையலறைத் தமிழில் மாவைப் பற்றி இரண்டு வினைச்சொற்கள் வழங்குகின்றன: பொங்குதல், புளித்தல். அன்றாடப் பேச்சில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பயன்படுத்தப்பட்டாலும் இவை இரு வேறு நிகழ்வுகள். பொங்குதல் என்பது மாவினுள் கரியமில வாயு உருவாகி, அவ்வாயு வெளியேறாமல் மாவில் சிறைப்பட்டு, மாவின் பருமன் கூடுவது. புளித்தல் என்பது லாக்டிக் அமிலம் உருவாகி மாவின் பி.எச். அளவு குறைவது. பொங்குதல் இட்லிக்கு மென்மையைத் தருகிறது. புளித்தல் சுவையைத் தருவதோடு, தீங்கு செய்யும் நுண்ணுயிர்களை அடக்கி மாவைக் காக்கவும் செய்கிறது.

"மாவு சரியாக வரவில்லை" என்ற முறையீட்டை ஆராயும்போது, இவ்விரண்டில் எது நிகழவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டுமே நிகழாத மாவுக்குக் குறை பெரும்பாலும் வெப்பம் அல்லது நேரம். புளிப்பு வாடை நன்றாக இருந்தும் பொங்காத மாவுக்குக் குறை உளுந்திலோ அரைத்த முறையிலோ இருக்கும். இரவில் பொங்கிக் காலையில் அமிழ்ந்து, ஓரங்களில் மட்டும் தடம் விட்டிருக்கும் மாவு புளிக்காத மாவு அன்று. அளவுக்கு மீறிப் புளித்த மாவு. அதனை மேலும் சூடுபடுத்துவது தவறு.

நொதித்தல் நிகழும் விதம்

இட்லி மாவின் நுண்ணுயிரியல் பற்றிய அடிப்படை ஆய்வு 1965-ஆம் ஆண்டில் எஸ். கே. முகர்ஜி, கெயித் ஸ்டைன்கிராஸ் உள்ளிட்டோரால் 'அப்ளைடு மைக்ரோபயாலஜி' இதழில் வெளியிடப்பட்டது. மாவைப் பொங்கச் செய்யும் முதன்மை நுண்ணுயிர் லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்னும் பாக்டீரியா என்பதை அது நிறுவியது. இது சர்க்கரையை உட்கொண்டு லாக்டிக் அமிலம், எத்தனால், கரியமில வாயு ஆகிய மூன்றையும் வெளியிடும். ஒரே உயிர் பொங்குதல், புளித்தல் ஆகிய இரண்டையும் செய்வது இதனால்தான். இதனுடன் என்டிரோகாக்கஸ் ஃபேகாலிஸ் (அப்போதைய பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபேகாலிஸ்) சேர்ந்து வளர்ந்து அமிலத்தைக் கூட்டுகிறது. பீடியோகாக்கஸ் வகை பாக்டீரியா மிகவும் பிந்தியே தலையெடுக்கிறது. பின்னாளில் நிகழ்ந்த ஆய்வுகள் மாவில் ஈஸ்ட் வகைகளும் இருப்பதைக் காட்டின.

இந்நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ளவை. ஊறவைக்கும்போதே பெருகத் தொடங்கிவிடும். கையால் கரைத்தால்தான் மாவு புளிக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்கு எனவே வலுவான அடிப்படை இல்லை. எந்திரத்தில் அரைத்து, கை படாமல் கலந்து, பைகளில் அடைத்து விற்கப்படும் மாவும் கடை அலமாரியிலேயே பொங்கிப் பை வெடிக்கும் அளவுக்கு உப்புவதைக் காணலாம். அரிசி மாவும் உளுந்து மாவும் திட்டுத்திட்டாக நில்லாமல் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்பதே கரைத்தலின் பயன். அதற்குக் கை நல்ல கருவி என்பதில் ஐயமில்லை.

வாயு உருவானால் மட்டும் போதாது. அது மாவில் தங்க வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் நடந்த ஆய்வுகள், உளுந்தில் உள்ள வழவழப்பான அராபினோகேலக்டன் என்னும் பல்சர்க்கரையும் உளுந்தின் புரதமும் சேர்ந்து குமிழிகளைத் தாங்கி நிற்பதை விளக்கின. பிற பருப்புகளைக் கொண்டு அரைத்த மாவு புளித்தாலும் இட்லி போல மென்மையாக வராததற்கு இவ்வழவழப்புக் குறைவே காரணம்.

சென்னையின் வெப்பநிலையும் நேரக் கணக்கும்

லூகோநாஸ்டாக் நன்கு வளர்வது ஏறத்தாழ 25 முதல் 30 °செ வரையிலான வெப்பநிலையில். சென்னையில் மே மாதப் பகல் வெப்பம் 37 அல்லது 38 °செ அளவுக்கு உயர்கிறது; இரவிலும் 27 அல்லது 28 °செ அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. அக்காலத்தில் ஆறு, ஏழு மணி நேரத்தில் மாவு பொங்கிப் பாத்திரத்திற்கு வெளியே வழியும். டிசம்பர், சனவரி மாதங்களில் இரவு வெப்பம் 21 °செ அளவுக்கு இறங்குகிறது. குளிரூட்டி இயங்கும் கூடத்தை ஒட்டிய திறந்த சமையலறையானால் ஆண்டு முழுவதும் 24 °செ தான்.

வெப்பம் 10 °செ குறைந்தால் உயிரியல் வினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தோராயமான விதி. இதன்படி 30 °செ வெப்பத்தில் 10 மணி நேரத்தில் பொங்கும் மாவு, 22 °செ வெப்பத்தில் 17 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இரவு எட்டு மணிக்குக் கரைத்து வைத்த மாவை மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்து பார்ப்பவர் ஏமாற்றமடைவதில் வியப்பில்லை. அம்மாவு நண்பகல் ஒரு மணிக்குத்தான் ஆயத்தமாகும்.

இதைவிட முக்கியமானது வளர்ச்சியின் வடிவம். பாக்டீரியாக்கள் கூட்டல் முறையில் அல்லாமல் இரட்டிப்பு முறையில் பெருகுகின்றன. ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை அவை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், இறுதி எண்ணிக்கையை அடைவதற்கு மூன்று மணி நேரம் முன்பு அவற்றின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்குதான். ஆகவே மாவு நெடுநேரம் அசையாமல் இருந்து, கடைசி இரண்டு, மூன்று மணி நேரத்தில் திடீரென எழும்புவதே இயல்பு. முகர்ஜி குழுவினரின் அளவீட்டில் முதன்மையான இரு பாக்டீரியாக்களும் மாவு கரைத்த 11 முதல் 13 மணி நேரத்தில் கிராமுக்கு 100 கோடி என்ற எண்ணிக்கையைத் தாண்டின. பாதி நேரத்தில் திறந்து பார்த்துப் "பாதிகூடப் பொங்கவில்லையே" என்று முடிவுகட்டுவது, இவ்வளர்ச்சியை நேர்கோடாகக் கருதுவதால் வரும் பிழை.

மாவின் அளவும் கணக்கில் வரும். மூன்று கிலோ மாவு இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும். ஓர் அண்டா மாவு அவ்வாறு குளிராது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் டிசம்பர் இசை விழாச் சிற்றுண்டிச் சாலைகள், ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில்தான் இட்லியும் தோசையும் மிகுதியாக விற்கின்றன. பெருமளவு மாவு தன் வெப்பத்தைத் தானே தக்கவைத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குச் சாதகம். அதே வாரங்களில் அதே தெருவில் உள்ள வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களுக்காக அரைத்த மாவு முறைத்துக்கொண்டு நிற்கும்.

பியர் நொதித்தலில் இதையொத்த நிலை

பியரில் நொதித்தலைச் செய்வது சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட். முளைகட்டிய வாற்கோதுமையின் சர்க்கரைக் கரைசலை அது எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சர்க்கரை குறையக் குறையக் கரைசலின் அடர்த்தி குறையும். அதனை நீர்ம அடர்த்திமானி கொண்டு அளக்கலாம். 1.050 என்ற ஒப்படர்த்தியில் தொடங்கிய கரைசல் 1.010 அளவுக்கு இறங்க வேண்டிய இடத்தில் 1.030 அளவிலேயே நாள்கணக்கில் நின்றுவிட்டால் நொதித்தல் நின்றுவிட்டது எனப்படும்.

அதைச் சரிசெய்வோர் கைக்கொள்ளும் வரிசைமுறை இட்லி மாவுக்கும் பொருந்தும். குமிழி வருவது நின்றதை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அடர்த்தியை அளந்து, உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதி செய்வர். பின்பு கலத்தைச் சில பாகை சூடாக்கி, அடியில் படிந்த ஈஸ்டை மெல்லக் கிளறிவிடுவர். அதற்கும் அசையாவிட்டால், வேறொரு கலத்தில் தீவிரமாக நொதித்துக்கொண்டிருக்கும் கரைசலில் கொஞ்சம் எடுத்துச் சேர்ப்பர். வீட்டில் பியர் தயாரித்தல் பிரித்தானியாவில் 1963 முதல் உரிமம் இன்றியும், அமெரிக்காவில் 1978-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தைத் தொடர்ந்தும் பரவிய பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் உரிமம் இன்றி மது தயாரித்தல் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே சென்னை வீடுகளில் நின்றுபோன நொதித்தல் என்றால் அது இட்லி மாவு, தோசை மாவு, ஆப்ப மாவு பற்றியதே.

மாவுக்கு அடர்த்திமானி இல்லை. எனினும் எளிய மாற்று உண்டு. மாவைக் கரைத்தவுடன், பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் இட்டு, பெரிய பாத்திரத்தை ஒட்டி வைத்துவிட்டால் போதும். எவர்சில்வர் பாத்திரத்தின் மூடியை அடிக்கடி திறந்து கரண்டியால் கிண்டிப் பார்க்கத் தேவையிராது. கிண்டும்போதெல்லாம் சேர்ந்திருந்த வாயு வெளியேறும். டம்ளரின் பக்கவாட்டில் தெரியும் குமிழிகள், மட்டம் உயர்வதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே செய்தி சொல்லிவிடும்.

பிற காரணங்கள்

வெப்பத்திற்கு அடுத்து ஐயத்திற்குரியது உளுந்து. நெடுநாள் இருப்பில் இருந்த பழைய உளுந்து அரைக்கும்போது நுரைத்துப் பெருகாது. தோல் நீக்கிய முழு உளுந்தைவிட உடைத்த உளுந்தின் காணுமை குறைவு என்பது இல்லத்தரசிகளின் அனுபவம். தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை ஊறவைத்துக் கழுவி அரைத்தால் மாவு விரைவில் புளிப்பதையும் காணலாம். நன்றாக அரைபட்ட உளுந்து மாவில் ஒரு சொட்டு எடுத்து நீரில் இட்டால் மிதக்கும்; மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை என்று பொருள். கிரைண்டரில் சிறிது சிறிதாக நீர் தெளித்து 20 முதல் 30 நிமிடம் அரைப்பது இதற்காகவே. மிக்ஸியில் அதே அளவு நுரைப்பு கிடைப்பதில்லை என்பதால், நான்குக்கு ஒன்று என்ற அரிசி உளுந்து விகிதத்தை மூன்றுக்கு ஒன்று என மாற்றிக்கொள்வர். உளுந்துடன் ஊறவைக்கும் ஒரு சிட்டிகை வெந்தயமும் தன் வழவழப்பால் குமிழிகளைத் தாங்க உதவுகிறது.

மிக்ஸி சூடாகிவிடும் என்று குளிர்பதனப் பெட்டியின் நீரை ஊற்றி அரைப்பது கோடையில் நல்ல வழக்கம். அதையே மார்கழியிலும் தொடர்ந்தால் மாவு 20 °செ அளவுக்கும் கீழே தொடங்கி, அதற்குமேல் இரவுக் குளிரையும் தாங்க வேண்டியதாகிறது. பருவத்திற்கேற்ப மாற்ற மறந்த பழக்கங்களில் முதலிடம் இதற்குத் தரலாம்.

குழாய் நீரில் கலந்துள்ள குளோரினைக் குறைகூறுவோர் பலர். இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி நீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். இச்சிறிய அளவு, ஊறும் தானியத்தின் கரிமப் பொருள்களுடன் வினைபுரிந்து விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே பெரும்பாலும் இது வீண்பழி. லாரி நீரிலோ, அப்போதுதான் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தூய்மை செய்த மேல்நிலைத் தொட்டி நீரிலோ வாடை மூக்கைத் துளைத்தால், அந்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஓரிரவு வைத்துப் பின்பு பயன்படுத்தலாம். கொதிக்கவைத்து ஆற்றியும் பயன்படுத்தலாம்.

அயோடின் கலந்த உப்பின் மீதான குற்றச்சாட்டும் கணக்கில் நிற்பதில்லை. நுகர்வோர் நிலையில் உப்பில் இருக்க வேண்டிய அயோடின் குறைந்தது 10 லட்சத்தில் 15 பங்கு. மாவின் எடையில் ஒரு விழுக்காடு உப்பு சேர்த்தால், ஒரு கிலோ மாவில் சேரும் அயோடின் 0.15 மில்லிகிராம்தான். உப்பின் அளவைப் பொறுத்தவரை, லூகோநாஸ்டாக் உப்பைத் தாங்கும் உயிர். இரண்டு விழுக்காட்டுக்கும் மேல் உப்பிட்ட முட்டைக்கோசு ஊறுகாயான சார்க்ராட்டின் நொதித்தலைத் தொடங்கிவைப்பதும் இதே பாக்டீரியாதான். ஆகவே ஒரு விழுக்காடு உப்பு மாவை நிறுத்திவிடாது. சற்றே மெதுவாக்கும், அவ்வளவே. கோடையில் கரைக்கும்போதே உப்பிடுவதும், குளிர்காலத்தில் பொங்கிய பின் உப்பிடுவதும் இக்கணக்குக்கு ஒத்த வழக்கங்கள்.

நின்ற மாவை மீட்டல்

முதல் மருந்து வெப்பம், இரண்டாவது காலம். இவை இரண்டையும் கொடுத்துப் பார்க்காமல் வேறெதையும் சேர்க்கலாகாது. ஒரே நேரத்தில் சர்க்கரை, தயிர், சோடா என மூன்றையும் சேர்த்துவிட்டால், மாவு பொங்கினாலும் எதனால் பொங்கியது என்று தெரியாது. அடுத்த வாரமும் அதே சிக்கல் திரும்பும். மென்பொருளில் பிழை தேடுவோர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வதன் காரணமும் இதுவே.

மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கி வைப்பது மிக எளிய வழி. எவ்வளவு நீர், எவ்வளவு சூடு என்பதைக் கணக்கிடலாம். மூன்று கிலோ மாவை 22 °செ அளவிலிருந்து 30 °செ அளவுக்கு உயர்த்த ஏறத்தாழ 80 கிலோ ஜூல் வெப்பம் தேவை. ஐந்து லிட்டர் நீர் நான்கு பாகை குளிர்ந்தாலே அவ்வெப்பம் கிடைத்துவிடும். எனவே 35 °செ அளவுள்ள நீரே கணக்குப்படி போதும். பாத்திரத்தின் வழியாகவும் காற்றிலும் இழக்கப்படுவதை எண்ணி 38 முதல் 40 °செ வரை வைத்துக்கொள்ளலாம். அதாவது கை வைத்தால் இதமாக இருக்கும் நீர்; கையைச் சுடும் நீர் அன்று. மேலே கனத்த துண்டு ஒன்றைப் போர்த்தி, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நீரை மாற்றினால், நின்ற மாவு மூன்று முதல் ஐந்து மணி நேரத்திற்குள் அசையத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், இன்வெர்ட்டர் பெட்டியின் அருகு, விளக்கு மட்டும் எரியும் மின்னடுப்பு ஆகியவையும் பயன்படும். கடைசியாகச் சொன்னது குளிர்நாடுகளில் வாழும் தமிழர்களிடையே பெருவழக்காக உள்ளது.

சூட்டை மிகைப்படுத்துவதும் தவறே. லூகோநாஸ்டாக்கின் வளர்ச்சி ஏறத்தாழ 40 °செ அளவில் நின்றுவிடும். ஆனால் என்டிரோகாக்கஸ் 45 °செ வரையிலும் வளரும். தயிர் உறைய வைப்பதற்கான மின்குக்கர் அமைப்பு 42 அல்லது 43 °செ வெப்பத்தில் இயங்குவதால், அதில் வைத்த மாவு புளித்தும் பொங்காமல் வருவதுண்டு.

சூடு கொடுத்தும் அசையாத மாவுக்கு, நன்றாகப் பொங்கிய பழைய மாவு அரைக் கிண்ணம் சேர்ப்பது அடுத்த படி. மூன்று கிலோ மாவுக்கு 120 கிராம் பழைய மாவு சேர்த்தால் அது 25-இல் ஒரு பங்கு. அந்நிலையிலிருந்து முழு எண்ணிக்கையை எட்ட ஐந்து இரட்டிப்புகள்கூடத் தேவையில்லை. தன் வீட்டில் இல்லாவிட்டால் அண்டை வீட்டிலிருந்தோ, கடைப் பையிலிருந்தோ பெறலாம். ஆனால் நான்கைந்து நாள் ஆன, கடுமையாகப் புளித்த மாவு இதற்கு உதவாது. அதில் லூகோநாஸ்டாக் அருகி, அமிலம் விரும்பும் வகைகளே மிஞ்சியிருக்கும். புதிய மாவும் பொங்காமல் புளிக்கும். முதல் நாளோ இரண்டாம் நாளோ எடுத்து வைத்த மாவே தக்கது.

பிற சேர்க்கைகள்

தயிர் சேர்ப்பது பலர் பரிந்துரைக்கும் வழி. தயிரின் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் லாக்டிக் அமிலம் மட்டுமே தருபவை. வாயு தருபவை அல்ல. மாவு புளிக்கும், ஆனால் பொங்காது. ரொட்டி ஈஸ்ட் இதற்கு நேர்மாறு: வாயு விரைவாக வரும், அமிலம் போதிய அளவு வராது, இட்லியில் ரொட்டிக் கடை வாசம் வீசும். இரண்டையும் ஒருசேரத் தருவது பழைய மாவு ஒன்றே. சர்க்கரை ஒரு கரண்டி சேர்ப்பதால் கேடில்லை. ஆனால் குளிரால் முடங்கிய மாவுக்கு உணவுப் பற்றாக்குறை எதுவும் இல்லை என்பதால் பயனும் குறைவே.

ஆப்பச் சோடா தனி வகை. புளித்த மாவில் அது அமிலத்துடன் வினைபுரிந்து வாயு தரும். புளிக்காத மாவில் வினைபுரிய அமிலம் இல்லை. வேகும்போது வெப்பத்தால் மட்டுமே சிதைந்து சோடியம் கார்பனேட்டை விட்டுச் செல்வதால், இட்லி மஞ்சளித்துச் சவர்க்காரச் சுவை தட்டும். காரத்தன்மையால் தயாமின் என்னும் உயிர்ச்சத்தும் அழியும். ஈனோ போன்ற பழ உப்புகளில் சிட்ரிக் அமிலம் கூடவே இருப்பதால் இக்குறை இல்லை. விருந்தினர் வாசலில் நிற்கும்போது, அன்று அரைத்த புதிய மாவில், வேகவைப்பதற்குச் சற்றுமுன் பழ உப்பைக் கலந்து இட்லி வார்ப்பதில் தவறொன்றுமில்லை. அது நொதித்த இட்லி அன்று என்ற தெளிவு இருந்தால் போதும். புளிக்காத புதிய மாவை மெல்லிய தோசையாக வார்ப்பதும் நல்ல வழியே.

எப்போது கொட்டிவிட வேண்டும்

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே காணப்படும். அறை வெப்பநிலையில் ஈரமான மாவில் அவை முளைத்துப் பெருகக்கூடியவை. வழக்கமான மாவில் லாக்டிக் அமிலம் முந்திக்கொண்டு பி.எச். அளவை ஏறத்தாழ 4.5 வரை இறக்கி அவற்றை அடக்கிவிடுகிறது. அமிலம் வராமல் நெடுநேரம் வெளியில் கிடந்த மாவில் இப்பாதுகாப்பு இல்லை. வாந்தியை உண்டாக்கும் இதன் நச்சு, இட்லிக் கொப்பரையின் ஆவி வெப்பத்திற்கு அழிவதன்று. "வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற வாதம் இங்கே செல்லாது.

ஆகவே காத்திருப்பதற்கும் எல்லை வேண்டும். நடைமுறை விதியாக, அரைத்ததிலிருந்து 24 மணி நேரம் கடந்து, அதில் சில மணி நேரமாவது 30 °செ அளவில் வைத்திருந்தும், புளிப்பு வாடையோ குமிழியோ சிறிதும் இல்லையெனில் அம்மாவை விட்டுவிடுவது நல்லது. அதில் சோடாவோ பழ உப்போ சேர்த்து உண்பது, இல்லாத பாதுகாப்பு இருப்பது போன்ற தோற்றத்தைத் தருவதால் மிகத் தவறான தேர்வு. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கருமை நிறப் புள்ளிகள், அழுகல் நாற்றம், நூல்நூலாக இழுபடும் பிசுபிசுப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நேரம் எதுவாயினும் கொட்டிவிட வேண்டும். மேற்பகுதியை மட்டும் வழித்து எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாகாது. மேற்பரப்பு காய்ந்து சற்றே மங்கிய சாம்பல் நிறம் கொள்வது மட்டும் காற்று பட்டதால் வருவது. அது கெட்டதன் அறிகுறி அன்று.

பொங்கி முடிந்த மாவை உடனே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுவதும், மாற்றும் முன் ஒரு கிண்ணம் தனியே மூடி எடுத்து வைப்பதும் வழக்கம். பிந்தையது இரண்டு நாள்களுக்குள் அரைக்கும் அடுத்த மாவுக்கு உறையாகப் பயன்படும்.